24 மணி நேரத் தரகு

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் சேலம் லீ பஜாரில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். நாம் கொடுக்கும் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன் தரும் அமேசானின் அஃபிலியேட் திட்டத்தில் சேரலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னபோது, அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தரகுதானே கண்ணு? ஆளக் கூட்டிட்டுப் போயி விடற, வாங்குனா உனக்குக் காசு. சரி, நீ கூட்டிட்டுப் போன ஆளு எத்தன நாளைக்கு உன் ஆளு?"

என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன். எந்தப் பொருளுக்கு நூற்றுக்கு எத்தனை என்ற பட்டியலை மட்டும் நாலு தடவை படித்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்காகவே விதிமுறைகளை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி ஆனது. புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். சித்தப்பாவுக்கு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. லீவு விட்டால் மலைக்குப் போய்விடுவோம். கொட்டை வறுப்பது, அரைப்பது, டிகாக்ஷன் இறக்குவது பற்றி யூடியூபில் சின்னச் சின்ன வீடியோ போடுவேன். "அக்கா, அந்த ஃபில்டர் எங்க வாங்குனீங்க?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில்தான் இந்த யோசனை பிறந்தது.

அப்பாவின் கேள்விக்கு விதிமுறையில் இருந்த பதில் 24 மணி நேரம். நம் லிங்கை அழுத்தி உள்ளே போனவர் அதற்குள் வாங்கினால் கமிஷன் நமக்கு. அதற்குள் பொருளைக் கார்ட்டில் போட்டு வைத்தால், சுமார் 90 நாள் வரை கார்ட்டிலிருந்து ஆர்டர் செய்தாலும் கணக்கில் வரும். நடுவில் இன்னொருவரின் லிங்கை அழுத்திவிட்டால் ஆள் அவருடையவர் ஆகிவிடுகிறார்.

இதைப் படித்த பிறகு என் திட்டமே மாறியது. அதுவரை மிக்ஸி, மின்சார கிரைண்டர் மாதிரி விலை கூடியவற்றைத்தான் குறி வைத்திருந்தேன். விகிதம் ஒன்றே என்றாலும் 6,000 ரூபாய்ப் பொருளில் கிடைப்பது 600 ரூபாய்ப் பொருளில் கிடைக்காது என்பது என் கணக்கு. ஆனால் நம் ஊரில் மிக்ஸி எப்படி வாங்குகிறோம்? வீட்டில் பேசி, சம்பளம் வந்து, பக்கத்து வீட்டில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, கடைசியில் கடைவீதியில் போய் விலை கேட்டுவிட்டுத்தான் முடிவு. அதற்குள் 24 மணி நேரம் எங்கே போயிருக்கும்! ஸ்டீல் ஃபில்டரும் டபரா செட்டும் அப்படி இல்லை. பார்த்தவுடன் வாங்கிவிடுவார்கள். விகிதத்தைப் பார்க்கும் முன், நம் வீடியோவைப் பார்ப்பவர் எத்தனை நாளில் முடிவெடுப்பார் என்று பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தை எடை போட எனக்குக் கிடைத்த படிக்கல் இதுதான்.

கமிஷன் விகிதம் யார் கையில் என்பது அப்பாவின் அடுத்த கேள்வி. முழுக்க அவர்கள் கையில். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அமேசான் இதைக் குறைத்தபோது, அறைகலன் வகைக்கு 8 சதவீதமாக இருந்தது 3 ஆனது. மளிகைக்கு 5 இருந்தது 1 ஆனது. இதையே நம்பி முழுநேரமாக இறங்கியவர்களுக்கு அந்த மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். 1996இல் தொடங்கிய, நன்றாக ஊன்றிய திட்டம்தான். இருந்தாலும் வீட்டு வாடகையை இதன் மேல் ஏற்றக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

காசு கைக்கு வருவதும் மெதுவாகத்தான். மாதம் முடிந்து சுமார் 60 நாள் ஆகும். வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அந்தக் கமிஷன் கழிந்துவிடும். கமிஷனும் வரி நீங்கிய விலைக்குத்தான். நூற்றுக்கு ஐந்து என்றே வைத்துக்கொண்டாலும், 600 ரூபாய் ஃபில்டருக்கு 30 ரூபாய்கூட முழுதாக நிற்காது. மாதம் 3,000 பார்க்க நூறு ஃபில்டருக்கு மேல் விற்க வேண்டும். என் வீடியோவுக்கு அப்போது நாற்பது பேர் லிங்கை அழுத்தினாலே பெரிது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சேர்ந்தேன். உடனே சேரவில்லை. சேர்ந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால் ஃபில்டர் பற்றிய ஆறு வீடியோவை முதலில் போட்டேன். கேள்விகள் வரத் தொடங்கிய பிறகுதான் விண்ணப்பத்தை அனுப்பினேன். காலி சேனலை வைத்துக்கொண்டு முதல் நாளே சேர்வது, கடிகாரத்தை வீணாக ஓட விடுவது.

அத்தை ஆசையாக, "உன் லிங்குலயே நாலு டபரா செட் வாங்கறேன் சாமி" என்றார். வேண்டாம் என்று கெஞ்சித் தடுத்தேன். நாமே வாங்குவதும், சொந்தக்காரர், சிநேகிதர் நமக்காக வாங்கிக் கொடுப்பதும் விதிக்குப் புறம்பு. ஏற்காடு ஏரிப் பக்கம் தெரிந்தவரின் டீக்கடையில் கியூஆர் கோடு அச்சடித்து ஒட்டலாம் என்று நினைத்திருந்தேன். அச்சுத்தாளில் லிங்க் கொடுப்பதற்கும் தடை. நல்லவேளை, அச்சகத்துக்குப் போவதற்குள் படித்துவிட்டேன். வீடியோவில் விலை சொல்வதையும் விட்டுவிட்டேன், அது நாளுக்கு நாள் மாறுகிறது. இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்பதை மட்டும் ஒவ்வொரு வீடியோவிலும் வாய்விட்டுச் சொல்கிறேன். விதியில் இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். அக்கா என்று நம்பிக் கேட்கிறவர்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வராது.

நான் எதிர்பாராத இடத்தில் வேலை ஒரு வாரம் நின்றது, பெயரால். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது. பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். காசு வந்து திரும்பிவிடுமோ என்று பயந்து, வங்கிக்குப் போய் ஆதார், பான் நகல் கொடுத்து மாற்றினேன். நம் ஊர்க்காரர்கள் இதைச் சேர்வதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று விற்பனையில் ஒன்றுதான் ஃபில்டர். மற்ற இரண்டில் ஒன்று குக்கர் கேஸ்கட், ஒன்று குழந்தை டயாப்பர். லிங்க் வழியாகப் போனவர் அந்த 24 மணி நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் நம் கணக்கில் சேரும். மூன்றும் ஏழு வாரத்தில் வந்துவிட்டன.

காப்பித்தூளுக்கு மட்டும் நான் லிங்க் போடுவதில்லை. டவுனில் வறுத்து அரைக்கும் ஒரு சிறு கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். என் சேனல் பெயரைச் சொல்லி யார் வாங்கினாலும் கிலோவுக்கு இவ்வளவு என்று நோட்டில் குறித்து வைக்கிறார். முதல் தடவை வந்தவர் அடுத்த மாதமும் என் பெயரைச் சொல்லி வாங்கினால் அதுவும் என் கணக்குதான். மாதக் கடைசியில் அப்பாவே போய் நோட்டைப் பார்த்து, கூட்டிக் கழித்து வாங்கி வருகிறார்.