டிஎன்பி குடும்ப மருத்துவம்: கூடலூரில் இருந்துகொண்டே பாஸானது எப்படி

முந்தாநாள் டிஎன்பி (டாக்டர்களுக்கான முதுநிலைத் தேர்வு) ரிசல்ட் வந்தது. பாஸ். இன்றுதான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். நாலு பேப்பர், ஓஸ்கி (நிலையம் நிலையமாக நடக்கும் செய்முறைத் தேர்வு), வைவா (வாய்மொழித் தேர்வு) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைக் கரையேற்றியது ஒரே பழக்கம். லேப் ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்த்தாலும், மருந்து எழுதும் முன் "இந்த ஆளுக்கு இதை நம்பலாமா?" என்று கேட்டுக்கொள்வது. நாள்பட்ட நோய்க் கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலேயே திறந்துவிடும்.

நீலகிரியின் கூடலூர் ஓபியில் உட்கார்ந்தால் இது தானாக வரும். இங்கே பணியர், இருளர், குறும்பர் மக்களிடம் சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை ரத்த நோய்) உண்டு. இந்தியாவில் அதை முதலில் பதிவு செய்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும். சிக்கிள் நோயில் சிவப்பணு வழக்கமான 120 நாள் தாக்குப்பிடிக்காது. சர்க்கரை ஒட்டுவதற்குள் செல்லே அழிந்துவிடும். அதனால் எச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரி சொல்லும் சோதனை) குறைத்துக் காட்டும். சிக்கிள் உள்ள ஒரு பணியர் அம்மாவுக்கு 5.9 என்று வந்தது, நீரிழிவுக்கான 6.5-க்குக் கீழே. கால் விரலிடுக்கில் ஆறாத புண். சாப்பிட்டபின் எடுத்த ரத்தச் சர்க்கரை 260-ஐத் தாண்டியது. அவருக்கு அந்த 5.9-ஐ வைத்து என்ன செய்வது? வெறும் வயிறு, சாப்பிட்டபின் இரண்டும் பாருங்கள். வசதி இருந்தால் ஃப்ரக்டோசமைன் (ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது). கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கதை தலைகீழ்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதே எண் கூட்டிக் காட்டும்.

கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) அப்படித்தான். 78 வயது பாட்டிக்கு 1.2 என்றால் பார்வைக்குப் பயமில்லை. கணக்குப் போட்டால் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) 50-க்குக் கீழே நிற்கும்.

படிக்கும் முறை பற்றி. ராத்திரி கண்விழிப்பு எனக்கு ஆகாது, குரூப் ஸ்டடியும் ஒத்துவராது. ஓபி முடிந்ததும் அன்றைய ஒரு நோயாளியைப் பற்றி ஒரே பக்கம், பரீட்சை விடை மாதிரி எழுதுவேன். நோட்ஸ் என்று தனியாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்பேன்.

கண்டிப்பாகக் கைவசம் இருக்க வேண்டியவை:

- இடுப்புச் சுற்றளவு: ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது எல்லை. பிஎம்ஐ 23-லேயே நமக்கு அதிக எடைதான்.
- இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்: வயது, இடுப்பு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு. 60-ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து.
- மெட்ஃபார்மின் (நீரிழிவு மாத்திரை): ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே புதிதாகத் தொடங்காதீர்கள், 30-க்குக் கீழே நிறுத்துங்கள்.
- கால் பரிசோதனை: 10 கிராம் மோனோஃபிலமென்ட் (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை), 128 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க் (அதிர்வு உணர்ச்சிக்கு). ஓஸ்கிக்காக மட்டும் பழகாதீர்கள். தோட்டத்தில் நாள் முழுக்க கம்பூட்ஸ் போடுகிறவரின் காலை, பூட்ஸைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். முள் குத்தியதே தெரியவில்லை என்று அவர் சொன்னால் பாதி நோயறிதல் முடிந்தது: கால் நரம்பு உணர்ச்சி இழந்திருக்கிறது.

ஒரு ஆதங்கம். டாக்டர்கள் ஐந்து வருடத்துக்கு 30 கிரெடிட் மணி நேரம் தொடர்கல்வி சேர்க்கச் சொல்கிறார்கள், சரி. நல்ல சிஎம்இ (அந்தத் தொடர்கல்வி வகுப்புகள்) எல்லாம் கோவையிலும் சென்னையிலும் நடந்தால், மலையில் தனியாக ஓபி பார்க்கிறவர் யாரிடம் நோயாளியை விட்டுப் போவது? சிக்கிள் செல் பற்றிய வகுப்பையாவது கூடலூரில் வையுங்கள். பார்க்க வேண்டிய நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

அப்புறம், பிராக்டிகல் சென்டர் மைசூரு பக்கம் விழுந்தால் முந்தின நாள் பகலிலேயே கிளம்பிவிடுங்கள். பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள்.