ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை

நகர்மன்றத் தலைவராக இருந்த ஐந்தாண்டுகளில் நான் கையெழுத்திட்ட தீர்மானங்கள் எத்தனை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தெருவிளக்குப் பராமரிப்பு, வாரச்சந்தை ஏலம், குடிநீர்க் குழாய் உடைப்பு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பொருள்கள் வரிசையாக வரும், படிக்கப்படும், நிறைவேறும், மறந்துபோகும். ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை. "கழிவுநீர் உந்து நிலையம் அமையவுள்ள இடம் குறித்து அப்பகுதிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது, ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை." அதை அலுவலக எழுத்தர்தான் எழுதினார் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தர் எழுதிக்கொண்டு வந்த வரைவு "கருத்துக் கேட்கப்பட்டது" என்பதோடு நின்றிருந்தது. மீதியை நான் சொல்ல, அவர் எழுதினார்.

பொய் ஒன்றும் இல்லை. எழுத்து மூலமாக யாரும் ஆட்சேபணை தரவில்லை, வாய்மொழியாகவும் தரவில்லை. அன்று மாலை அங்கே பேசப்பட்டது மொத்தமே மூன்று வாக்கியங்கள்தான்.

2012ஆம் ஆண்டு அது. சென்னைக்கு வெளியே இருந்த ஊர்களில் வீடுகளில் மின்சாரம் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரமே அதிகமாகத் தோன்றிய காலம். காலனியின் பொது இடத்தில், இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே, நான்கைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நாங்கள் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பையன் தன் வண்டியின் முகப்பு விளக்கைப் போட்டுத் திருப்பி நிறுத்தினான். அந்த வெளிச்சத்தில் பொறியாளர் வரைபடத்தை விரித்தார். வரைபடம் நன்றாகத் தெரிந்தது. எதிரே நின்றவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் நானே விளக்கிச் சொன்னேன். கேட்க ஏதாவது இருக்கிறதா என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"டீச்சர், நாங்க வேணாம்னு சொன்னா வேற எடம் பாப்பீங்களா?"

"நீங்க மொதல்ல சொல்லுங்கம்மா, பாக்கறேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவி என்பதால் கட்சி என்னைத் தேடி வருவதற்கு முன்பு, விருப்ப ஓய்வு பெறும்வரை, அதே ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். ஊரில் பாதிப் பேருக்கு நான் சேர்மன் ஆனபிறகும் டீச்சர்தான். குரலை வைத்தே அந்த அம்மாவை அடையாளம் கண்டுகொண்டேன். அவருடைய இரண்டு மகன்களும் என்னிடம் படித்தவர்கள்.

"அப்ப சரி" என்பதை அன்றிரவு சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டீச்சர் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார், நம் தலைமேல் எதையும் கொண்டுவந்து கொட்டமாட்டார் என்ற நம்பிக்கை அதில் இருந்ததாகப் பிறகு தோன்றியது. அப்படியானால் அது சம்மதம் அல்ல, நேர்மாறானது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா கேட்டு நிற்கும்போது நான் எத்தனை முறை "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பதை எண்ணிப் பார்த்தபோது, அந்தச் சொல்லின் பொருள் அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும் என்று பட்டது. முகம் தெரிந்திருந்தால் எது என்று சொல்லியிருப்பேன் என நினைக்கிறேன். ஆனால் இருட்டு என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை மறைத்துவிட்டு இதை எழுதினால் எழுதியதில் பயனில்லை.

இடத் தேர்வுக்கு நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். பாதாளச் சாக்கடையை மேலே இருந்து பார்ப்பவர்களுக்கு அது குழாய். பொறியாளர்களுக்கு அது சரிவு. கழிவுநீர் தானாக ஓட வேண்டுமென்றால் குழாய் போகப்போக ஆழமாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஐந்தாறு மீட்டருக்குக் கீழே போனால் பாறையும் ஊற்றுநீரும் வரும், தோண்டுகிறவர்களின் உயிருக்கு ஆபத்து, செலவும் தாங்காது. ஆகவே ஊரின் பள்ளமான இடத்தில் ஒரு கிணற்றில் எல்லாவற்றையும் சேர்த்து, மோட்டார் வைத்து ஏற்றி, ஊருக்கு வெளியே உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள வேண்டும். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உந்து நிலையம். அது யாருடைய விருப்பமும் அல்ல, தண்ணீரின் குணம்.

இதைச் சொல்லி முடித்தபின் எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. எங்கள் ஊரில் பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள், மேட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் தண்ணீர்தான் முடிவு செய்ததா? காலனிக்கு அந்த இடத்தை ஒதுக்கியவர்கள் அதை ஏன் அங்கே ஒதுக்கினார்கள் என்பது ஊரறிந்த கதை. மழை வந்தால் தண்ணீர் நிற்கும் நிலத்தை வேறு யாரும் கேட்கவில்லை. ஒரு காலத்தில் நடந்த அநியாயம் இன்னொரு காலத்தில் சரிவுக் கணக்காக மாறி, வரைபடத்தில் நீலக்கோடாக வந்து நிற்கும்போது, அதை மறுக்க எந்தப் பொறியாளராலும் முடியாது. என்னாலும் முடியவில்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் வேறோர் இடமும் இருந்தது. காலனிக்கு அரைக் கிலோமீட்டர் மேற்கே, புதிதாக வந்த மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கி நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த திறந்தவெளி நிலம். காலனி நிலத்தைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் மேடு. முதல் வரைவில் அந்த இடமும் குறிக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி கசிந்த மறுவாரமே குடியிருப்போர் சங்கத்தினர் அச்சடித்த மனுவோடு என் அறைக்கு வந்தார்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதில் உள்ள சட்டச் சிக்கலைப் பணிவாக எடுத்துச் சொன்னார்கள். நீதிமன்றத்துக்குப் போக விருப்பமில்லை என்றும் அதே பணிவோடு சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறு இல்லை. பூங்கா நிலத்தைப் பூங்காவாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

அவர்கள் போனபின் பொறியாளரை அழைத்தேன். "அந்த இடத்துல டெக்னிக்கலா முடியாது, இல்லீங்களா?" என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். "முடியாதுன்னு இல்லீங்க மேடம். ஆழம் போகணும், செலவு கூடும்" என்றார். அதை எழுதித் தரச் சொன்னேன். இரண்டு நாளில் எழுதித் தந்தார். செலவு கூடும் என்று அதில் இருந்தது. எவ்வளவு கூடும் என்று இல்லை. நான் கேட்கவும் இல்லை. கணக்கு ஆசிரியையாக இருந்த ஒருத்தி தொகை போடாத தாளை வாங்கி வைத்துக்கொண்டாள் என்பதுதான், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அந்த இருட்டில் சொன்ன "பாக்கறேன்" என்பதைவிட எனக்கு அதிகமாக உறுத்துகிறது. காலனிக்கு நாங்கள் கருத்துக் கேட்கப் போனது அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு. அதாவது அந்த அம்மா கேட்ட கேள்விக்கு விடை என் கோப்பில் ஏற்கெனவே இருந்தது.

பதவிக்கு வந்த புதிதில் எங்களுக்கு நடந்த பயிற்சிகளில் ஆலந்தூரைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள். 1990களின் பிற்பகுதியில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடமே திரட்டிக்காட்டிய நகராட்சி அது. தெருத்தெருவாகப் போய் மக்களோடு பேசித்தான் அதைச் செய்தார்கள் என்பார்கள். கேட்கும்போது மெய்சிலிர்த்தது உண்மை. எங்கள் ஊரிலும் அப்படியே செய்ய வேண்டுமென்று தெருத்தெருவாகப் போனேன். மேற்கே இருந்த மனைப்பிரிவுக்காரர்கள் முதல் மாதத்திலேயே தொகையைக் கட்டி ரசீது வாங்கிவிட்டார்கள். காலனிக்குத் தவணை வாங்கிக் கொடுத்தேன். அதுவும் இழுத்துக்கொண்டு போனது. பணம் கட்டியவர்களின் பங்கேற்பு என்று பயிற்சியில் சொன்னதற்கு இப்படியொரு மறுபக்கம் இருப்பதை நான் அப்போது யோசிக்கவில்லை: ரசீது வைத்திருப்பவர் என் அறைக்கு வந்து பேசுவார், ரசீது இல்லாதவரைத் தேடி நான் இருட்டில் போய்க் கேட்பேன். இதை எழுதும்போதே, நானாவது போய்க் கேட்டேனே என்று ஒரு மனம் சொல்கிறது. எனக்கு முன்பு இருந்தவர்கள் எதையும் எந்தத் தெருவுக்கும் போய்க் கேட்டதில்லை என்பதும் உண்மைதான்.

தலைவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பொறுப்புகளைப் பட்டியலிட்டு நகராட்சிகளிடம் ஒப்படைக்கச் சொன்னது. குடிநீரும் துப்புரவும் அதில் இருக்கின்றன. நடைமுறையில் திட்ட அறிக்கை வேறோர் அலுவலகத்தில் தயாராகும், பணம் வேறோர் இடத்திலிருந்து வரும், நிர்வாகம் ஆணையரிடம் இருக்கும். மன்றத்தின் கூட்டப்பொருளாக வந்து சேரும்போது முடிவில் மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பல விஷயங்களில் இதுதான் என் சமாதானம், பெரும்பாலும் நியாயமான சமாதானமும்கூட. இந்த ஒன்றில் மட்டும் அது செல்லாது. இரண்டு இடங்கள் வரைவில் இருந்தன. மன்றம் எதைச் சொல்லியிருந்தாலும் அதன்படி நடந்திருக்கும். அதிகாரம் இல்லை என்று ஐந்தாண்டும் குறைபட்டுக்கொண்ட நான், அதிகாரம் உண்மையாகவே கைக்கு வந்த ஒரு சமயத்தில் அதை யாருக்கும் தெரியாமல் சரிவுக் கணக்கிடம் கொடுத்துவிட்டேன்.

நிலையம் நன்றாகவே வேலை செய்கிறது. சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே செடி வைத்து, ஜெனரேட்டரும் போட்டோம். ஊர் முழுக்கத் திறந்த சாக்கடை நாற்றம் குறைந்தது. கொசுவும் குறைந்ததாகச் சொல்கிறார்கள். நாற்றம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. இதையெல்லாம் பார்த்தால் நான் செய்தது சரிதானே என்று தோன்றும். பிறகு காலனியின் கீழ்வரிசை நினைவுக்கு வரும். அந்த வரிசை வீடுகளின் தரைமட்டம் தெருவில் வைத்த ஆளிறங்கு குழியைவிடத் தாழ்ந்து இருப்பதால் அவற்றுக்கு இணைப்புத் தர முடியவில்லை. கொடுத்தால் மழைக்காலத்தில் எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். ஊர் மொத்தத்தின் கழிவும் அவர்கள் வாசலுக்கு முப்பது அடியில் வந்து சேர்கிறது. அவர்களுடையது மட்டும் இன்னும் பழைய தொட்டியில்தான் சேர்கிறது. இதைப் பொறியாளர் எனக்கு விளக்கியபோதும் தண்ணீரின் குணம் என்றுதான் சொன்னார்.

இன்னொன்றையும் நான் அன்று கணக்கில் எடுக்கவில்லை. அந்த வேப்பமரத்தடிதான் காலனிக்கு இருந்த ஒரே பொது இடம். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கருமாதி, எதுவானாலும் பந்தல் அங்கேதான். நகராட்சிப் பதிவேட்டில் அது "காலியிடம்" என்று இருந்தது. நானும் அப்படித்தான் படித்தேன், அந்த இடத்தில் எத்தனையோ விசேஷங்களுக்கு மொய் எழுதிச் சாப்பிட்டவள் என்றபோதும். தலைவர் பதவியின் பாதி வேலை மன்றக் கூடத்தில் அல்ல, முகூர்த்த நாள்களிலும் சாவு வீடுகளிலும்தான் நடக்கிறது. அங்கே தெரிந்துகொண்ட ஊர் வேறு, கோப்பில் வரும் ஊர் வேறு என்று பிறகு வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டும் தெரிந்திருந்தன என்பதைச் சொன்னதில்லை.

எங்கள் மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் 2022 வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். அந்த ஆண்டுகளில் எந்தத் தெருவில் யாரிடம் யார் என்ன கேட்டார்கள் என்று தெரியவில்லை. மேற்கே அந்தப் பூங்கா நிலத்தில் இன்றுவரை பூங்கா வரவில்லை; சீமைக்கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு மீட்டர் மேட்டைக் கண்ணால் அளந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு அது சமதளமாகத்தான் தெரிகிறது.

சென்ற ஆண்டு காலனியில் ஒரு சாவு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தல் சிறியது, பாதிப் பேர் வெயிலில் நின்றார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, வயதான காலத்தில் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், வெயில்ல நிக்காதீங்க, இப்படி நிழலுக்கு வாங்க" என்று உந்து நிலையத்தின் சுற்றுச்சுவர் ஓரமாகப் போட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டிருக்கலாம். சாவு வீட்டில் கேட்கக்கூடிய கேள்வியா என்று விட்டுவிட்டேன். கேட்டிருந்தாலும் எனக்கு மனசு நோகாத ஒரு பதிலைத்தான் அவர் சொல்லியிருப்பார். மகன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். சொன்னார். உடலை எடுக்கும்வரை அந்தச் சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு முறை உள்ளே மோட்டார் ஓடத் தொடங்கியது. பறைச் சத்தத்தில் அது எப்போது நின்றது என்று தெரியவில்லை.