காற்றாடிமலையில் அணைந்த திரி

நேர்ச்சை அம்மையுடையது. பேரனுக்குக் கனடா விசா வந்தால் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் புனித தேவசகாயத்துக்கு அவன் உயரத்தில் ஒரு மெழுகுதிரி. விசா வரவில்லை. இரண்டு முறை தள்ளிவிட்டார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏஜென்ட் வாங்கிய பணத்தைப் பற்றி எழுதினால் வாயில் ஜெபம் நிற்காது, விட்டுவிடுகிறேன்.

பாஸ்போர்ட்டை வீட்டில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது நான்தான். ஆறு மாதமாகக் குடும்ப ஜெபத்தில் முழந்தாளில் நிற்கிறோம், கண்ணோ படச் சட்டத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும் அந்த நீல அட்டையில்.

ஆடி வெள்ளி விடியுமுன் அம்மை குளித்து முடித்துத் திண்ணையில் இருந்தாள்.

"விசாதான் வரலியே, பின்ன எதுக்கும்மா?"

"வந்தா தாறேன்னு சொன்னது தப்பு மக்களே. அது யாவாரம்லா. பொறப்படு."

மைனி சிஎஸ்ஐ, புரொட்டஸ்டன்ட் சபைக் குடும்பம். "சிலையைக் கும்பிடவா இவ்வளவு தூரம்?" என்றாள், வழக்கம்போல. நானும் வழக்கம்போல மோசேயின் வெண்கலப் பாம்பை எடுத்துவிட்டேன். கடவுள் சொல்லித்தானே செய்தார்? அன்று அவள் விடவில்லை. 2 இராஜாக்கள் 18-ஐத் திறந்து காட்டினாள். அதே பாம்புக்கு ஜனங்கள் தூபம் காட்டப் போய், எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டாராம். பதில் இல்லாமல் பஸ் ஏறினேன்.

களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை நின்றுகொண்டே. ஐந்தரை அடி மெழுகுதிரியோடு நெரிசலில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் ஒருவர் பிடித்துக்கொண்டார். "அந்தத் திரியை உள்ள விடமாட்டாங்க, எங்கிட்ட வாங்குங்க." சுத்தப் பொய். எண்ணெய்க் குப்பியும் கீ செயினும் வேறு நீட்டினார். மேலே, தட்டினால் மணிபோல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையில் பையன்கள் கல்லால் தட்டித் தட்டி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக வந்தது. என் கையும் போனில்தான் இருந்தது, ஏஜென்ட் ஏதாவது அனுப்பியிருக்கிறானா என்று.

தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடத்தில் திரியை நட்டேன். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. தீக்குச்சி உரசுவதற்குள் அணைகிறது. அம்மை முந்தானையை விரித்து மறைத்தாள். பிடித்தது, அணைந்தது. ஒரு பெட்டி தீர்ந்தது, இரண்டாவதும் பாதி. எனக்கு அழுகை முட்டியது. இதுவும் தள்ளுபடியா?

அம்மை முந்தானையை விட்டுவிட்டு அப்படியே கல்லில் முழந்தாள் போட்டாள். "ஒண்ணும் வேண்டாம் ஐயா. புள்ளைய நீரே வச்சுக்கும்." அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் சிறுவயதில் கேட்ட கதை நெஞ்சில் வந்து நின்றது. தேவசகாயம் திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். மாடு சாகிறது, பயிர் அழிகிறது என்று வாடியிருந்தவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி டிலனாய், பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். போன மாடா திரும்பக் கிடைத்தது? உத்தியோகமும் சொத்தும் சேர்ந்து போயிற்று. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14-இல் இந்தப் பாறையில் உயிரும் போயிற்று. அவரிடம் வந்து நான் கேட்டது ஒரு விசா. அணைந்த திரியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேனோ. காலிக் கையோடு நிற்கிறேன், வாயில் ஸ்தோத்திரம் மட்டும் வருகிறது! அப்பா, ஆண்டவரே, அம்மையைத் தந்தீரே, அந்தக் காற்றையும் தந்தீரே!

திரியை உபதேசியாரிடம் கொடுத்தோம். காற்று குறைந்ததும் கொளுத்துகிறேன் என்றார். இறங்கும்போது அம்மைக்குக் கால் வீங்கிவிட்டது. பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்தேன். "அங்கயே இருக்கட்டும்லா" என்றாள் மனைவி. ஏழு மணிக்கு ஜெபமாலை. மூன்றாம் தேவ இரகசியம் வரை கண் படத்தில் இருந்தது. பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்தேன், பீரோ பக்கம்.