துரு

நம் வேதியியல் சார் காலமானதையொட்டி நினைவு மலருக்கு ஏதாவது எழுதும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் அனுப்பிய கடிதமே ‘அன்புள்ள துரு’ என்றுதான் தொடங்குகிறது. சார் வைத்த பெயர். அறுபதைத் தாண்டியும் உதிரவில்லை.

ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று நடத்திக்கொண்டிருந்தார். “அப்படியானால் இரத்தம் துருப்பிடிக்காதா சார்?” என்று கேட்டுவிட்டேன். சாக்பீஸை மெதுவாகக் கீழே வைத்தார். “துருப்பிடித்திருப்பது உன் மண்டை. ஏறு பெஞ்சு மேலே.” ஏறினேன். மின்விசிறி காதருகே கிறீச்சிட்டுச் சுற்றியது. கீழே வகுப்பே குலுங்கியது. குலுங்கியவர்களில் இன்றைய செயலாளரும் ஒருவர் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கேள்வி ஒன்றும் மட்டமானதல்ல. ஹீமோகுளோபினில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் சிறு வளையத்துக்கு ஹீம் என்று பெயர். அது தனியாகத் தண்ணீரில் கிடந்தால், ஆக்சிஜன் பட்டதுமே அதன் இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் நிலைக்குப் போய்விடும். துருவுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது ஆக்சிஜனைச் சுமக்காது. நான்கு சங்கிலிகள், 574 அமினோ அமிலங்கள் மடிந்து, ஒவ்வொரு ஹீமையும் தனித்தனிப் பொந்தில் தண்ணீர் எளிதில் அண்டாமல் வைத்திருப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். அப்படியும் தினமும் நூற்றுக்கு மூன்று வரை கெட்டுத்தான் போகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. அந்தப் பொந்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் டைரோசின் என்ற வேறொன்று அமைந்து பிறப்பவர்கள் உண்டு. அவர்கள் இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஹீமோகுளோபின் எம் என்று பெயர். என் ஆராய்ச்சிக் காலம் முழுவதும் இந்தப் பொந்துக்குள்தான் கழிந்தது. மேக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானி 1937இல் தொடங்கி 1959இல்தான் இந்த மூலக்கூறின் வடிவத்தைக் கண்டார். அதை நினைத்தால் என் தாமதங்கள் பொறுக்கத்தக்கவை.

ஜலகண்டேசுவரர் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்த 1981இல்தான் நான் காட்பாடியில் ரயிலேறினேன். 1986இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பிறவி நோயான தலசீமியாவுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையே செய்துவிட்டார்கள். நம் பள்ளியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஹீமோகுளோபின் கோளாறோடு பிறந்த பிள்ளைகள் அங்கே தாய் மடியில் காத்திருக்க, நான் அதே புரதத்தைக் கடல் கடந்து போய்க் குப்பியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறையில் வந்தபோது சாரைப் போய்ப் பார்த்தேன். என் கட்டுரை ஒன்றின் பிரதியைக் கொடுத்து, துரு விஷயத்தை விளக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். “நல்ல கேள்விதான். எந்தப் பையன் கேட்டான்?”

“நான்தான் சார்.”

நம்பவில்லை. பெஞ்சும் நினைவில்லை. இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனாய், இங்கேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றார். கருவி, நிதி, ஆய்வகம் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அன்றைக்கு ஒரே வரியில் மண்டையை அளந்தவர், இம்முறை குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டார். திட்டியிருக்கலாம்.