மகளின் விண்ணப்பமும் நானும்

மே 10
இரவு பதினொரு மணி. சாப்பாட்டு மேசையில் மகளின் டிரான்ஸ்கிரிப்ட். ஆம்காஸ் என்பது அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் (அங்கே எம்.டி. என்பது நம்ம எம்.பி.பி.எஸ். மாதிரி). அதில் படித்த பாடங்களை ஒவ்வொன்றாகத் தட்டி, எது எந்த வகை என்று நாமே குறிக்க வேண்டுமாம். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நான்கும் சேர்ந்த மதிப்பெண் சராசரிதான் சயின்ஸ் ஜிபிஏ. நான் பிளஸ் டூ முடித்தபோது மெடிக்கல் கட்-ஆஃபில் மேத்ஸைச் சீண்டவே மாட்டார்கள்!

மே 11
நியூரோசயின்ஸ் பயாலஜியில் வருகிறது. சைக்காலஜி அந்த நான்கில் எதிலும் வராது, இன்ஜினியரிங்கும் வராது. என்விரான்மென்டல் சயின்ஸில் ஏ வாங்கியிருக்கிறாள், அதுவும் வெளியேதான். "பேரிலேயே சயின்ஸ் இருக்கே, பயாலஜின்னு போட்டுடேன்" என்றேன். "பேர்ல இருந்தா போதாதுப்பா, சரிபார்க்கும்போது மாத்திடுவாங்க."
சரி, வாயை மூடிக்கொண்டேன்.

மே 17
இன்று ஒரு சின்னப் புதையல். சைக்காலஜி துறை நடத்திய ஸ்டாட்டிஸ்டிக்ஸ், 4 கிரெடிட், ஏ. துறை எதுவானாலும் பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் கணக்கு. ஆகவே அது மேத்ஸ். ஒரு கிரெடிட் ஏ-க்கு 4 புள்ளி என்று எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். 52 கிரெடிட்டுக்கு 177.2 புள்ளி, அதாவது 3.41. இதைச் சேர்த்தால் 56-க்கு 193.2, 3.45. அவள் சிரிக்கவில்லை. அவள் பார்வை ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் நின்றது. முதலில் சி பிளஸ், திரும்பப் படித்து பி பிளஸ். பழையதை அழிக்க முடியாது, இரண்டுமே கணக்கில் ஏறும். அந்த சி பிளஸ் வந்த செமஸ்டரில்தான் அவளுடைய பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். ஜிபிஏ கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது.

மே 30
சப்மிட்.

ஜூன் 27
சரிபார்த்து முடித்துவிட்டார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேத்ஸிலேயே இருக்கிறது. 3.45. பாயசம் வைக்கலாமா என்று கேட்டேன். "இருங்கப்பா, அடுத்தது ஆஸ்டியோபதி காலேஜ்களுக்கு." அவையும் டாக்டர் படிப்புதான், பட்டம் மட்டும் டி.ஓ. அவற்றுக்கு ஆகோமாஸ் என்கிற வேறு விண்ணப்பம். அங்கே சயின்ஸ் ஜிபிஏவில் மேத்ஸ் சேராது.
மறுபடி பிளஸ் டூ கட்-ஆஃப்! எக்ஸெலைத் திறந்து, மேத்ஸ் வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.