கமான் முறுக்கலுக்கு இரண்டு குழாயும் நாலு பிராக்கெட்டும்

பிக்அப்பில் பாரம் ஏற்றி மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்குமே, அந்த நடுக்கத்தோடு நான் ரொம்ப நாள் ஓட்டினேன். அதை நிறுத்த டிராக்‌ஷன் பார் என்ற தண்டை நானே செய்து மாட்டிய கதை இது. கிளட்ச் போய்விட்டது என்று நினைத்து அதைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் போனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இறுக்கிக் கட்டி, லென்ஸைப் பின் ஆக்ஸில் பக்கம் திருப்பி, ஒரு மேட்டில் வண்டியை எடுத்து வீடியோ பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது விஷயம் பட்டென்று புரிந்தது. கிரவுனின் (ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியின்) மூக்கு மேலே எழும்புகிறது, கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டை ஸ்பிரிங்) எஸ் எழுத்து மாதிரி நெளிகிறது, டயர் ஒரு கணம் பிடி விடுகிறது, நெளிந்த பட்டை திரும்ப விரிகிறது, டயர் மறுபடி கடிக்கிறது. இது ஒரு நொடிக்குள் பல தடவை நடப்பதைத்தான் நாம் உள்ளே உட்கார்ந்து குதிப்பாக உணர்கிறோம்.

டயரை முன்னால் சுழற்ற எவ்வளவு முறுக்கு போகிறதோ, அதே அளவு எதிர்முறுக்கு ஆக்ஸிலை மூடியிருக்கும் கூடான ஹவுசிங் மேல் வருகிறது. ஹவுசிங் பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது, அதைப் பிடித்து நிறுத்த அங்கே கமானைத் தவிர வேறு எதுவும் இல்லை. பாரம் தாங்குவதும் இதே பட்டைதான், ஆக்ஸில் முன்பின் நகராமல் பிடிப்பதும் இதுதான், முறுக்கையும் இதுவே வாங்க வேண்டும். வண்டியை உயர்த்துவதற்காகக் கமானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் கட்டை வைத்திருந்தால் நெம்புகோல் இன்னும் நீளமாகிறது, நெளிவும் கூடுகிறது. டிராக்‌ஷன் பார் செய்வது ஒரே வேலைதான்: ஆக்ஸிலின் அடிப்பக்கத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு தண்டு கொடுத்து அந்தத் திரும்பலைத் தடுப்பது. வண்டி முன்னால் இழுக்கும்போது தண்டு நசுங்கப் பார்க்கும், பிரேக் பிடித்தால் நீளப் பார்க்கும்.

ஆனால் இரும்பு வாங்கக் கிளம்பும் முன் கமானை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டை இறுக்கிப் பாருங்கள், கமானின் முன் கண்ணில் (சேசிஸில் மாட்டும் வளையத்தில்) இருக்கும் புஷ்ஷைப் பாருங்கள், பட்டைகளில் ஏதாவது ஒன்று விரிசல் விட்டிருக்கிறதா, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் ஒரு பக்கத்து யு போல்ட் கிட்டத்தட்ட அரைச் சுற்று இறங்கியது, அதிலேயே நடுக்கத்தில் ஒரு பங்கு குறைந்தது. தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு பார் மாட்டினால் அந்த ஆட்டம் முழுவதும் பாரின் போல்ட்டில் போய் விழும்.

சரி, எந்த வகை? கமானுக்கு அடியில் கவ்வி, முனையில் ரப்பர் கட்டையோடு வரும் ஸ்லாப்பர் பார்தான் இருப்பதிலேயே மலிவு, வெல்டிங்கும் வேண்டாம். காலி வண்டியில் வேகமாகக் கிளம்புபவர்களுக்கு அது போதும். பாரம் ஏற்றுபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன், ரப்பர் போய் முட்டியதும் கமானின் முன்பாதி விறைத்து, மேடுபள்ளத்தில் சவாரி முரட்டுத்தனமாகிவிடும். ஏணி வடிவ லேடர் பார் முறுக்கை மிக நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது ஆக்ஸிலில் அசையாமல் பொருத்தப்படுவதால் இரண்டு பக்கமும் போட்டால் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது ஹவுசிங்கையே முறுக்கும். காட்டுப்பாதையில் ஓட்டுபவர்கள் அதனால்தான் ஒரே ஒரு லேடர் பார் போட்டு, சேசிஸ் முனையில் ஆடும் இணைப்பான ஷேக்கிள் வைக்கிறார்கள். தினசரி வண்டிக்கு நான் தேர்ந்தெடுத்தது இரு முனையிலும் புஷ் உள்ள நேர்க்குழாய், பக்கத்துக்கு ஒன்று.

குழாய் எவ்வளவு கனம் வேண்டும் என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நானும் உடைத்துக்கொண்டேன், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். இன்ஜின் முறுக்கு 350 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 4, கிரவுன் விகிதம் 4 என்றால் ஆக்ஸிலுக்கு வருவது 5,600 நியூட்டன் மீட்டர். கமானுக்கும் பாருக்கும் மேல்கீழ் இடைவெளி 20 செ.மீ. என்றால் தண்டில் விழும் விசை 28,000 நியூட்டன், அதாவது சுமார் 2.8 டன். இரண்டு பாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.4 டன். 42 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள சாதாரண மைல்ட் ஸ்டீல் குழாய்க்கு அது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனுக்கும் குறைவு, அந்த இரும்பு வளையத் தொடங்குவது 250 பக்கத்தில். அப்படியென்றால் விலை கூடிய குழாய் எதற்கு? ஆனால் சைலன்சர் குறுக்கே வருகிறது என்று அதே குழாயை நடுவில் 5 செ.மீ. வளைத்துப் பாருங்கள், அழுத்தம் ஏறத்தாழ ஆறே முக்கால் மடங்காகி 200-ஐ நெருங்கிவிடும். குழாய் நேராக இருக்கட்டும், சைலன்சரை நகர்த்துங்கள்.

காசைப் போட வேண்டிய இடம் பிராக்கெட்டும் போல்ட்டும் முனை ஜாயிண்ட்டும்தான். இதை நான் கற்றுக்கொண்டது விரிசல் விட்ட பிராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. முதல் தடவை சேசிஸில் வசதியாக ஒரு குறுக்குச் சட்டம் கிடைத்தது என்று பாரை வெறும் 35 செ.மீ. நீளத்தில் முடித்தேன். கமானின் முன்பாதி, அதாவது முன் கண்ணிலிருந்து நடு போல்ட் வரை, மேலும் கீழும் போகும்போது அதன் நீளத்தில் முக்கால் பங்கு உள்ள ஒரு தண்டு மாதிரி வட்டம் போடுகிறது. என் வண்டியில் முன்பாதி 65 செ.மீ., முக்கால் பங்கு 49 செ.மீ. அதைவிடக் குட்டையான பார் வேறொரு சின்ன வட்டம் போடும், இரண்டும் ஒத்துவராமல் பாரம் ஏறும்போதெல்லாம் சண்டை போடும். அந்தச் சண்டையில் தோற்றது 4 மி.மீ. தகட்டில் நான் செய்த ஒற்றைக் காது பிராக்கெட்.

இரண்டாவது தடவை 55 செ.மீ. வைத்தேன். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. முன் கண்ணையும் ஆக்ஸிலையும் சேர்க்கும் கோட்டின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாகப் பார் இருக்க வேண்டும். பிராக்கெட் 6 மி.மீ. தகடு, இரண்டு காது, உள்ளே முக்கோண முட்டு. போல்ட் 16 மி.மீ., தரம் 10.9, மரையில்லாத பகுதிதான் காதுகளுக்குள் உட்கார வேண்டும், துளையில் ஆட்டம் இருக்கக் கூடாது. முனைக்கு ஹைம் ஜாயிண்ட்டா (உள்ளே இரும்பு உருண்டை சுழலும் முனை) புஷ்ஷா என்றால், ஹைம் துல்லியமாக இருக்கும் ஆனால் சேறும் மணலும் புகுந்து சீக்கிரம் லொடலொடக்கும், சத்தமும் உள்ளே வரும். கிரீஸ் நிப்பிள் வைத்த பாலியூரித்தேன் புஷ் எனக்குப் போதுமாக இருக்கிறது. ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை கடைந்து வாங்கினால் பாரைக் கழற்றாமலே நீளத்தைச் சரிசெய்யலாம், மரை விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இறங்கி இருக்க வேண்டும், லாக் நட்டும் வேண்டும்.

வெல்டிங் சொந்தக் கையில் வராது என்றால் தயவுசெய்து இதில் பழகாதீர்கள், நல்ல பட்டறையில் கொடுங்கள். ஆக்ஸில் குழாயில் ஒரே மூச்சில் நீளமாக வெல்ட் ஓட்டினால் சூட்டில் குழாய் வளைந்துவிடும், அதனால் சின்னச் சின்னதாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டு ஓட்ட வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள், எர்த்தை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள், பிரேக் குழாயையும் ஏபிஎஸ் ஒயரையும் ஒதுக்குங்கள். சேசிஸ் பக்கம் நான் வெல்ட் வைக்கவில்லை, நடுச்சுவரில் துளையிட்டுப் பின்னால் அகலத் தகடு கொடுத்து போல்ட் போட்டேன். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவே கூடாது, வளைவு விசை பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது. பெட்டி மாதிரி மூடிய சேசிஸ் என்றால் துளைக்குள் ஒரு குழாய்த்துண்டு கொடுத்துத்தான் போல்ட்டை இறுக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் நசுங்கும்.

கடைசி இறுக்கம் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான். ரப்பர் புஷ் என்றால், ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் கீழே இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே இருக்கும். போல்ட் கையால் தள்ளினாலே உள்ளே போகிற நீளத்தில் பாரை நிறுத்துங்கள், அது தானாக எதையும் தள்ளவோ இழுக்கவோ கூடாது. அப்புறம் காலியாகவும் முழுப் பாரத்தோடும் மேலிருந்து கீழ் வரை முழு ஓட்டத்தையும் பார்த்து, எங்கேயும் முட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாலைக்கு எடுத்தேன்.

அதே மேட்டில் அதே இடத்தில் போனைக் கட்டி மறுபடி வீடியோ எடுத்தேன். கிரவுன் மூக்கு இப்போதும் துளி எழும்புகிறது, அந்த அளவு புஷ்ஷின் இளக்கம்தான், பட்டை நெளியவில்லை, டயர் ஒரே சீராகக் கடித்து ஏறுகிறது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன், சேசிஸ் பக்கத்தில் ஒன்று கால் சுற்று இறங்கியது, அதன்மேல் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.