விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வடக்கே மலேசியாவுக்குக் காரில் போகிறவர்களுக்கு

ஹரி ராயா, சீனப் புத்தாண்டு வந்தால் மலேசியப் போலீஸ் ‘ஓப் செலாமாட்’ என்ற சாலைப் பாதுகாப்பு நடவடிக்கையைத் தொடங்கிவிடும். வேகம், தூக்கம் பற்றியெல்லாம் நிறையச் சொல்வார்கள். டயர்தான் பாவம், ஓரத்தில் நிற்கும்.

சிங்கப்பூரில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத கார், மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஐந்து பேரும் பெட்டிகளுமாக 110-ல் மணிக்கணக்கில் ஓடும். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடேறும். கடைசியில் வெடிக்கும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். ஸ்பேர் டயரையும் பாருங்கள்.

டயரின் மேலுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டத்துக்குப் போதும். டிசம்பர் மழைக்குப் போதாது. 3-க்குக் கீழே வந்தாலே மாற்றுவது நல்லது. தேங்கிய நீரில் வழுக்கினால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

முக்கால் டாங்க் பெட்ரோல் யாருக்கும் மறக்காது, அது இல்லாவிட்டால் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்சீட்டு பெல்ட்தான் மறக்கும். பாட்டிக்கும் போட்டுவிடுங்கள், போடாதவர் மோதலில் முன்னால் இருப்பவர் முதுகில்தான் போய் மோதுவார்.